பட்டா இல்லாத பட்டைகள்: தென்சென்னைப் புறநகரும் அமெச்சூர் வானொலி அலைப்பட்டைகளின் பகிர்வு வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் அலைப்பட்டைகள் பெரும்பாலும் பிற பணிகளோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ஒலிபரப்பு, படைத்துறை, ரேடார், செயற்கைக்கோள், கம்பியில்லா இணையம் ஆகியவை அப்பட்டைகளில் காலந்தோறும் உரிமை கோரி வந்துள்ளன. இப்போட்டியின் வரலாற்றை 1924ஆம் ஆண்டுச் சென்னை முதல் இன்றைய தாம்பரம் வரை இக்கட்டுரை ஆராய்கிறது. 40 மீட்டர் பட்டையின் இழப்பும் மீட்பும், தென்புறநகரின் மின்காந்தச் சூழல், மாணவர் செயற்கைக்கோள்கள், 2015ஆம் ஆண்டு வெள்ளம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. புழங்கும் உரிமை உண்டு, உடைமை உரிமை இல்லை என்ற நிலையில் அமெச்சூர் பட்டைகள் தமிழக ஏரிப் புறம்போக்குகளை ஒத்திருக்கின்றன என்பதும், அவ்வொப்புமைக்கு எல்லைகள் உண்டு என்பதும் கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: அமெச்சூர் வானொலி, அலைக்கற்றை, 40 மீட்டர் பட்டை, புறம்போக்கு, தாம்பரம், சென்னை வெள்ளம்

1. முன்னுரை

தமிழில் வானொலி வரலாறு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒலிபரப்பின் வரலாறாகவே அமைந்துள்ளன. நிலையங்கள், நிகழ்ச்சிகள், அறிவிப்பாளர்கள், நேயர்கள் ஆகியோரே அவற்றின் பொருள். ஒலிபரப்பு எந்த வெளியில் நிகழ்கிறதோ அந்த அலைவெளி யாருடையது, அதை யார் யாரோடு பகிர்ந்துகொள்கின்றனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. ஒலிபரப்பாளரின் பார்வையில் அலைவெளி ஒரு ஊடகம் மட்டுமே. அமெச்சூர் வானொலியாளரின் பார்வையிலோ அது நாள்தோறும் காத்துக்கொள்ள வேண்டிய இடம். ஆதலின், அலைவெளியின் பகிர்வு வரலாற்றை எழுதுவதற்கு ஒலிபரப்பாளரைவிட அமெச்சூர் வானொலியாளரே பொருத்தமான தொடக்கப் புள்ளி எனலாம்.

பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை நீளும் ஜி.எஸ்.டி. சாலைப் பகுதியும், அதற்குக் கிழக்கே பெருங்குடி, பள்ளிக்கரணை, சோழிங்கநல்லூர் வரையிலான பகுதியும் இவ்வாய்வின் களமாகும். விமான நிலையம், விமானப்படைத் தளம், மின்தொடர் வழி, பொறியியல் கல்வி நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் ஆகிய அனைத்தும் இச்சிறு பரப்பிற்குள் நெருங்கி நிற்கின்றன. நிலத்தில் காணப்படும் இந்நெருக்கம் அலைவெளியிலும் உண்டு. சட்டங்கள், விதிகள், பன்னாட்டு மாநாட்டு முடிவுகள், பொதுப்பதிவில் உள்ள நிகழ்வுகள் ஆகியவற்றின் அடிப்படையில் வரலாற்று அணுகுமுறையில் இக்கட்டுரை அமைகிறது.

2. சொற்களும் கருத்துகளும்

ஆங்கிலேயர் காலம் முதல் வழங்கிவரும் ‘அமெச்சூர்’ என்னும் சொல்லே சட்டத்திலும் வழக்கிலும் நிலைபெற்றுள்ளது. ‘ஹாம்’ என்பது அவ்வானொலியாளர் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகள், பணப்பயன் கருதாது தனிப்பட்ட ஆர்வத்தால் வானொலி நுட்பத்தில் ஈடுபடும் உரிமம் பெற்றோரின் தற்பயிற்சி, உரையாடல், நுட்ப ஆய்வு ஆகியவற்றுக்கான பணி என இதனை வரையறுக்கின்றன. ‘பணப்பயன் கருதாது’ என்னும் கூறே பின்னர் எழுந்த பல சிக்கல்களுக்கு மையமாக அமைந்தது.

‘அலைக்கற்றை’ என்னும் சொல் தமிழ்ப் பொதுவழக்கில் பரவியது 2ஜி ஒதுக்கீட்டு விவாதத்தின் போதுதான். ‘ஒதுக்கீடு’, ‘ஏலம்’, ‘இழப்பு’ ஆகிய சொற்களோடு சேர்ந்தே அது மக்களை வந்தடைந்தது. அலைவெளி என்பது விலைபேசத்தக்க சொத்து என்ற பொருண்மை அச்சொல்லிலேயே படிந்துவிட்டது. விற்கவோ வாங்கவோ இயலாத, எனினும் நாள்தோறும் புழங்கப்படுகிற அலைவெளியைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் உருவாகவில்லை. ஆனால் அதற்கு இணையான கருத்து தமிழரின் நிலவழக்கில் உண்டு. அதுவே புறம்போக்கு.

வரி விதிப்புக்கு உட்பட்ட நிலத்திற்குப் புறம்பாக ஊரின் பொதுத் தேவைக்கென ஒதுக்கப்பட்டது புறம்போக்கு. மேய்ச்சல் நிலம், ஏரி, ஏரிக்கரை, ஓடை, மந்தைவெளி ஆகியவை அதில் அடங்கும். அதைப் புழங்க ஊராருக்கு உரிமை உண்டு. பட்டா எவருக்கும் இல்லை. வானொலி ஒழுங்குவிதிகளில் காணப்படும் முதல்நிலைப் பணி, இரண்டாம்நிலைப் பணி என்னும் பாகுபாட்டையும் இவ்வகையில் விளங்கிக்கொள்ளலாம். முதல்நிலைப் பணிக்கு இடையூறு விளைவிக்காத வரையில் இரண்டாம்நிலைப் பணி இயங்கலாம். முதல்நிலைப் பணியால் தனக்கு இடையூறு நேரின் பாதுகாப்புக் கோர இயலாது. தமிழகம் உள்ளிட்ட மூன்றாம் மண்டலத்தில் 144–146 மெகாஹெர்ட்ஸ் பட்டை அமெச்சூர் பணிக்கு உரியது. 430–440 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ இடங்காணல் பணி முதல்நிலையிலும் அமெச்சூர் பணி இரண்டாம்நிலையிலும் உள்ளன. அதிலும் இந்திய விதிகள் 434 முதல் 438 வரையிலான பகுதியை மட்டுமே அமெச்சூர்களுக்கு அளிக்கின்றன. 80 மீட்டர் பட்டையிலோ நிலையான பணி, நடமாடும் பணி ஆகியவற்றோடு அமெச்சூர் பணி ஒரே நிலையில் இடத்தைப் பகிர்கிறது. இந்திய அமெச்சூர்களுக்கு அங்கே 3.5–3.7 மெகாஹெர்ட்ஸும், அதனின்று விலகி 3.89–3.9 என்னும் ஒரு சிறு துண்டும் உள்ளன. நில அளவைப் பதிவேட்டில் உட்பிரிவு எண்ணிடப்பட்ட துண்டு நிலத்தை இது நினைவூட்டுகிறது.

3. தரிசாகக் கருதப்பட்ட சிற்றலை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெட்டலைகளே தொலைதூரத் தொடர்புக்கு ஏற்றவை எனக் கருதப்பட்டன. 1912ஆம் ஆண்டு அமெரிக்க வானொலிச் சட்டம் தனியார் ஆர்வலர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. அன்றைய அறிவியல் மதிப்பீட்டில் அது விளைச்சலற்ற தரிசு. அத்தரிசில்தான் ஆர்வலர்கள் பத்தாண்டுகளுக்குள் பெருவிளைவு கண்டனர். 1923 நவம்பரில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அமெச்சூர்களின் இருவழித் தொடர்பு நிகழ்ந்தது. அயனி மண்டலத்தால் எதிரொலிக்கப்பட்டுச் சிற்றலை கடல் கடக்கும் என்பது நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் அரசுகளும் ஒலிபரப்பு நிறுவனங்களும் வணிகத் தந்தி நிறுவனங்களும் சிற்றலைக்குப் படையெடுத்தன. தரிசைத் திருத்தியவர்களுக்குத் தாம் திருத்திய நிலத்திலேயே இடம் கோர வேண்டிய நிலை வந்தது. 1925இல் பாரிசில் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் தோன்றியதன் பின்புலம் இதுவே.

இந்தியாவில் 1921ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தா முதல் அமெச்சூர் வானொலியாளராக அறியப்படுகிறார். 1930களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் 50க்கும் குறைவானவர்களே இருந்தனர். ஆயினும் சென்னையின் பங்கு வேறுவகையில் குறிப்பிடத்தக்கது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலி மன்றம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு ஜூலை 31 முதல் 40 வாட் ஒலிபரப்பியைக் கொண்டு அது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. பொருள் நெருக்கடியால் 1927 அக்டோபரில் மன்றம் ஒலிபரப்பை நிறுத்தியது. கருவிகள் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் அப்பணி அரசின் கைக்குச் சென்றது.

ஆர்வலர் மன்றம், மாநகராட்சி, அரசு என்னும் இம்மூன்று படிகள் பொதுவாக வளர்ச்சியின் படிகளாகவே சுட்டப்படுகின்றன. அலைவெளியின் நோக்கில் காணும்போது, அவை குடிமக்களின் முயற்சி அரசின் தனியுரிமையாக மாறிய படிகளாகவும் தோன்றுகின்றன. 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் தந்தி அமைத்தலை அரசின் தனியுரிமையாக்கியது. 1933ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் உரிமமின்றிக் கருவி வைத்திருத்தலையே குற்றமாக்கியது. ஆர்வலர் மன்றத்தின் வழியே அலைவெளிக்கு வந்த சென்னையில், 14 ஆண்டுகளுக்குள் பேசும் உரிமை அரசிடமும் கேட்கும் உரிமை மக்களிடமும் எனப் பிரிந்து நின்றன. இரண்டையும் ஒருங்கே வைத்திருந்தவர் உரிமம் பெற்ற மிகச்சில அமெச்சூர்களே.

4. போரும் மௌனமும்

1939 செப்டம்பரில் உலகப் போர் தொடங்கியதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் நிறுத்தப்பட்டன. கருவிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அமெச்சூர் பட்டைகள் ஓசையடங்கின.

இம்மௌனத்திற்கிடையே நிகழ்ந்த ஒன்று கருதத்தக்கது. 1942 ஆகஸ்டு இறுதியில் பம்பாயில் உஷா மேத்தா உள்ளிட்டோர் தொடங்கிய தலைமறைவுக் காங்கிரஸ் வானொலி, 42.34 மீட்டரில் ஒலிப்பதாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. அதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அது அமெச்சூர்களின் 40 மீட்டர் பட்டைக்கு உட்பட்ட இடம். அரசின் ஆணையால் ஆளற்றுக் கிடந்த இடத்தில் அரசின் ஆணையை மறுத்த குரல் ஒலித்தது. நவம்பர் 12ஆம் நாள் நிலையம் கைப்பற்றப்படும் வரை அது நீடித்தது. அவ்விடம் வெற்றாக இருந்தமையால் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. அலைநீளத்தின் கணக்கு காட்டுவது இடப்பொருத்தத்தை மட்டுமே. எனினும், அமெச்சூர் பட்டை அரசின் கண்ணில் எப்போதும் ஐயத்திற்குரிய வெளியாக இருந்தமைக்கு இந்நிகழ்வு ஒரு காரணம் காட்டுகிறது. எளிய கருவியைக் கொண்டு ஒரு தனிமனிதர் நாடு முழுவதும் கேட்கப் பேசக்கூடிய வெளி அது.

விடுதலைக்குப் பின் 1948இல் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் தோன்றியது. 1952இல் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு நிறுவப்பட்டது. அமெச்சூர் பணிக்கான விதிகள் 1958இலும் பின்னர் 1978இலும் வகுக்கப்பட்டன. தேர்வு, அழைப்புக்குறி, பதிவேடு, ஆய்வு ஆகிய ஒழுங்குகளோடு ‘வியூ’ என்னும் முன்னொட்டின் கீழ் இந்திய அமெச்சூர்கள் மீண்டும் ஒலித்தனர்.

5. 40 மீட்டர் பட்டை: இழப்பும் மீட்பும்

அலைப்பட்டைப் பகிர்வின் முழு வரலாற்றையும் ஒரே பட்டையில் காண விழைவோர்க்கு 40 மீட்டர் பட்டை போதும். 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு 7000–7300 கிலோஹெர்ட்ஸை உலகெங்கும் அமெச்சூர்களுக்கு அளித்தது. 1938ஆம் ஆண்டு கெய்ரோ மாநாட்டில், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே 7200–7300 பகுதியில் ஒலிபரப்பும் நுழைய இசைவளிக்கப்பட்டது. 1947இல் அட்லாண்டிக் சிட்டி மாநாடு 7150க்கு மேற்பட்டதை ஒலிபரப்புக்கே உரியதாக்கி, 7100–7150ஐப் பகிர்வுக்கு உட்படுத்தியது. 1959இல் ஜெனீவாவில் அப்பகிர்வும் முடிவுற்றது. 300 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தொடங்கிய உரிமை மூன்று மாநாடுகளில் 100 ஆகச் சுருங்கிற்று. முதலில் பகிர்வு, பின்னர் வெளியேற்றம் என்னும் ஒழுங்கை இதில் காணமுடிகிறது.

இழப்பின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். ஒலிபரப்பாளர்கள் 41 மீட்டர் என அழைத்த பகுதி, அமெச்சூர்கள் இழந்த அதே பகுதியாகும். அகில இந்திய வானொலியின் சிற்றலைச் சேவைகளும் இலங்கை வானொலியின் ஆசிய சேவையும் அப்பகுதியைப் பயன்படுத்தின. சிற்றலையில் மிதந்து வந்த அயல்நாட்டு ஒலிபரப்புகள் தமிழ் இல்லங்களின் பண்பாட்டு நினைவில் ஆழப் பதிந்தவை. ஒருவருக்கு இடையூறாக இருந்தது மற்றொருவருக்குப் பாட்டாக இருந்தது. ஒரு குடிமகனின் உரையாடலைவிட ஆயிரக்கணக்கான நேயர்களின் செவி பெரிது என்னும் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 41 மீட்டரை நிரப்பியது இசை மட்டுமன்று. பனிப்போர்க் காலத்தில் பரப்புரை ஒலிபரப்புகளும் அவற்றை முடக்க எழுப்பப்பட்ட இரைச்சல்களும் அலைவெளியை நெருக்கின. 1976 முதல் சோவியத் ஒன்றியத்தின் தொடுவானங்கடந்த ரேடார் எழுப்பிய ‘மரங்கொத்தி’ ஒலி, உரிமை எல்லைகளைப் பொருட்படுத்தாது பல சிற்றலைப் பட்டைகளில் கேட்டது.

ஒழுங்கு மீறல்களைக் கண்டறிந்து அறிக்கையிடும் பணியைப் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியம் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தி வருகிறது. அரசின் தரப்பில் அப்பணியைச் செய்யும் நிலையங்களுள் ஒன்று பெருங்குடியில் உள்ள பன்னாட்டுக் கண்காணிப்பு நிலையம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குறிப்பிடும் ஏரி வாரியத்தையும், பிற்காலத்துக் குடிமராமத்தையும் இத்தன்னார்வக் கண்காணிப்போடு ஒப்பிடலாம். புழங்குவோரே பேணுவோராகவும் இருத்தல் இவற்றின் பொதுப்பண்பு. அதே கல்வெட்டுகள், வாரிய உறுப்பினராவதற்கு நிலவுடைமையையும் மறைக்கல்வியையும் தகுதிகளாகக் கூறுவதை மறத்தலாகாது. பொதுவெளி என்பது எல்லாருக்கும் சமமாகத் திறந்திருந்த வெளியன்று. அமெச்சூர் வானொலியிலும் கருவியின் விலை, தொழில்நுட்ப நூல்களின் மொழி, மாடிக்கூரையின் மீதான உரிமை ஆகியவை யார் உள்ளே வரலாம் என்பதை நீண்டகாலம் முடிவு செய்தன.

2003ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக வானொலித் தொடர்பு மாநாடு 7100–7200 பகுதியை மீண்டும் அமெச்சூர்களுக்கு வழங்க முடிவு செய்தது. ஒலிபரப்பாளர்கள் 2009 மார்ச் 29ஆம் நாளுக்குள் விலக வேண்டும் என்பது முடிவு. 1959இல் மூடப்பட்ட கதவு 50 ஆண்டுகளுக்குப்பின் திறந்தது. சிற்றலை ஒலிபரப்பின் செல்வாக்குக் குறைந்தமையும், அமெச்சூர் அமைப்புகளின் நீண்டகால முயற்சியும் இதற்குக் காரணங்களாக அமைந்தன. கைவிட்டுப்போன பொதுவெளி திரும்பக் கிடைத்தமைக்கு இது அரிய சான்று.

6. தென்புறநகரின் அலைச்சூழல்

தாம்பரம் பகுதியின் நவீன வரலாறு போக்குவரத்தோடும் கல்வியோடும் இணைந்தது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்தொடர் சேவை தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவினார். அப்போது அரிதாக இருந்த மின்னணுவியல் படிப்பு அங்குத் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. பின்னாளில் தமிழில் அறிவியலை எளிமையாக எழுதிய சுஜாதா அங்கு மின்னணுவியல் பயின்றவர்.

கல்வி அளித்த இவ்வாய்ப்பிற்கு இணையாகவே இடநெருக்கடியும் வளர்ந்தது. மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அருகருகே உள்ளமையால், சுற்றுப்பகுதிகளில் கட்டட உயரத்திற்கும் கம்ப உயரத்திற்கும் கட்டுப்பாடு உண்டு. 40 மீட்டர் பட்டைக்கான அரையலை வாங்கிக்குச் சற்றொப்ப 20 மீட்டர் நீளம் தேவை. மனைப்பிரிவுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகியபின் அந்நீளம் எளிதில் கிட்டுவதில்லை. மொட்டைமாடி பொதுவுரிமையாக உள்ள குடியிருப்பில் கம்பி கட்டுவதற்கு அண்டை வீட்டாரின் இசைவு வேண்டும். ஆக, அலைவெளியில் புழங்குவதற்கு முன்பே மாடிவெளியில் புழங்கும் உரிமையை நிறுவ வேண்டியதாகிறது.

மற்றொரு சிக்கல் உரிமமே தேவைப்படாத இரைச்சல். மின்தொடரின் மேல்கம்பித் தொடர்பில் எழும் பொறி, தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள், மின்னேற்றிகள், சூரிய மின்மாற்றிகள் ஆகியவை சிற்றலை முழுவதும் இரைச்சலைப் பரப்புகின்றன. இவை எவையும் அலைவெளியில் உரிமை கோருவதில்லை. ஆயினும் நடைமுறையில் மெலிந்த குறிகைகளைக் கேட்கவொட்டாது செய்கின்றன. ஏரிக்குள் வீடு கட்டுதல் ஒருவகை ஆக்கிரமிப்பு. ஏரிக்குள் கழிவுநீரை விடுதல் மற்றொரு வகை. இரண்டாவதற்குப் பொறுப்பாளர் எவரெனச் சுட்டுதல் அரிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் இவ்வாறே. அங்கும் அமெச்சூர்களுக்குப் பங்கு உண்டு. 2005இல் குறைதிறன் கருவிகளுக்கு உரிம விலக்கு அளிக்கப்பட்டபின் வைஃபையே அப்பகுதியின் நடைமுறை உரிமையாளராயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே அப்பட்டையில் மெலிந்த குறிகைக்கு இடமில்லை.

7. மாணவர் செயற்கைக்கோள்கள்: உள்ளிருந்து எழுந்த போட்டி

2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஹாம்சாட், அமெச்சூர்களுக்கென இந்தியா அளித்த செயற்கைக்கோள். 435 மெகாஹெர்ட்ஸில் பெற்று 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பியனுப்பிய அது 2014 வரை பணியாற்றியது. அதன்பின் தென்புறநகரின் பங்கு தொடங்குகிறது. 2009 ஏப்ரல் 20இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் ஏவப்பட்டது. 2011 அக்டோபர் 12இல் காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட், 2016 ஜூன் 22இல் சோழிங்கநல்லூர் சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் சத்தியபாமாசாட் ஆகியவை சுற்றுப்பாதையை அடைந்தன. இவற்றுள் பின்னைய இரண்டும் வளிமண்டல வாயுக்களை அளத்தலை நோக்கமாகக் கொண்டவை. அவற்றின் அடையாளக் குறிகைகள் அமெச்சூர் செயற்கைக்கோள் பட்டைகளில் ஒலித்தன.

உலகெங்கும் சிறு செயற்கைக்கோள்கள் பெருகியபோது இதே முறையே பின்பற்றப்பட்டது. அமெச்சூர் பட்டையைப் பயன்படுத்தக் கட்டணம் குறைவு; ஒருங்கிணைப்பு நடைமுறை எளிது; உலகெங்கும் கேட்கும் ஆர்வலர்கள் உள்ளனர். எனவே பல்கலைக்கழகங்களுக்கு இது இயல்பான தேர்வாயிற்று. ஆனால் மேற்சுட்டிய வரையறையை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். கல்வி நிறுவனமொன்றின் ஆய்வுத் தரவை அனுப்புதல் ‘தனிப்பட்ட ஆர்வத்தால்’ நிகழும் பணியாகுமா என்னும் வினா எழுந்தது. மாணவர் பயிற்சி என்ற அளவில் அது அமெச்சூர் பணியின் நோக்கத்தோடு ஒத்துப்போகிறது. தரவு திரட்டல் என்ற அளவில் விலகுகிறது. 2019ஆம் ஆண்டு உலக வானொலித் தொடர்பு மாநாடு குறுகியகாலச் செயற்கைக்கோள் பணிகளின் கட்டுப்பாட்டுத் தேவைக்கென 137–138, 148–149.9 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் வழிவகுத்தது. பட்டையின் நோக்கத்தைக் காக்க மாற்றிடம் தேடும் முயற்சியாக இதனைக் கருதலாம்.

இப்போட்டி முந்தையவற்றினின்று வேறுபட்டது. முன்னர் வந்தவர்கள் ஒலிபரப்பாளரும் படைத்துறையினரும், வெளியாட்கள். இங்கு வந்தவர்கள், எதிர்கால அமெச்சூர்களாகக்கூடிய மாணவர்கள். அவர்களை வெளியேற்றினால் பட்டைக்கு அடுத்த தலைமுறை இல்லை. வரைமுறையின்றி ஏற்றுக்கொண்டால் பட்டைக்கு வரையறை இல்லை.

8. வெள்ளமும் வெறுமையின் மதிப்பும்

2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மின்சாரம் நின்றதும் கைப்பேசிக் கோபுரங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. விமான நிலையம் மூடப்பட்டது. அந்நாட்களில் அமெச்சூர் வானொலியாளர்கள் தம் கைக்கருவிகளோடும் மின்கலங்களோடும் செய்திப் பரிமாற்றத்தில் ஈடுபட்டனர். 2004 டிசம்பரில், அந்தமானில் அமெச்சூர் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஆழிப்பேரலைக்குப்பின் போர்ட் பிளேயரிலிருந்து தொடர்பை நிலைநிறுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்புறநகரின் தொடர்பு வலையை மீண்டும் சோதித்தன.

இப்பகுதியின் வெள்ள வரலாறும் அலைப்பட்டை வரலாறும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை ஆகிய ஏரிகளும் பள்ளிக்கரணைச் சதுப்பும் கோடையில் வெற்றிடமாகவே தோன்றும். அவ்வெறுமையைப் ‘பயன்பாடின்மை’ எனப் பொருள்கொண்டபோது மனைப்பிரிவுகளும் குப்பைக்கிடங்கும் கால்வாய் அடைப்புகளும் வந்தன. ஏரியின் பயன் நீர் நிறைந்திருத்தல் மட்டுமன்று. நீர் வரும்போது இடம் அளித்தலும் ஆகும். அமெச்சூர் பட்டையும் இத்தகையது. நாள்தோறும் அளந்து பார்ப்பவருக்கு அதில் பெரும்பகுதி அமைதியாகவே தெரியும். அளவீட்டுக் கருவி காட்டும் அமைதியைக் கொண்டு ‘பயன்படாத அலைக்கற்றை’ என முடிவு செய்வது, கோடைக்கால ஏரியைக் கண்டு ‘பயன்படாத நிலம்’ என முடிவு செய்வதை ஒக்கும்.

பேரிடர்ப் பயனை மட்டுமே சுட்டி அமெச்சூர் பட்டைகளை நியாயப்படுத்துவதில் இடர் உண்டு என்பதையும் சுட்ட வேண்டும். செயற்கைக்கோள் கைப்பேசியும் நகரும் கோபுரங்களும் பரவலாகும்போது அந்நியாயம் வலுவிழக்கும். மேலும், பேரிடரின்போது பணியாற்றும் திறன் பேரிடரின்போது உருவாவதில்லை. நாள்தோறும் நிகழும் சிறு உரையாடல்களில், கம்பி கட்டுவதில், இரைச்சலுக்கு நடுவே மெலிந்த குறிகையைப் பிரித்தறிவதில் அது உருவாகிறது. 2003ஆம் ஆண்டு மாநாடு திருத்திய வானொலி ஒழுங்குவிதி 25, பேரிடர்த் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்களை ஆயத்தப்படுத்த அரசுகள் வழிசெய்ய வேண்டும் என ஊக்குவிக்கிறது. ஆயத்தம் என்னும் அச்சொல்லில் அன்றாடப் புழக்கமும் அடங்கும்.

9. பொதுச்சொத்தா, ஏலப்பொருளா?

1995 பிப்ரவரியில் வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் காற்றலைகள் பொதுச்சொத்து என அறிவித்தது. 2012 பிப்ரவரி 2ஆம் நாள் 122 உரிமங்களை நீக்கிய 2ஜி தீர்ப்பு, அலைக்கற்றையை அரசு மக்களுக்காகக் காத்துவரும் இயற்கை வளமாகக் கண்டது. அதே ஆண்டு குடியரசுத் தலைவரின் வினாவுக்கு விடையளித்த நீதிமன்றம், எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலமே ஒரே வழியன்று எனத் தெளிவுபடுத்தியது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஏலத்தைப் பொதுவிதியாகவும், முதல் அட்டவணையில் கண்ட பயன்களுக்கு நிர்வாக ஒதுக்கீட்டை விலக்காகவும் வைத்துள்ளது.

‘பொதுச்சொத்து’ என்னும் கருத்து இருவகையாகப் பொருள்கொள்ளப்படுவதை இங்கு உணரலாம். பொதுச்சொத்தை நல்ல விலைக்கு விற்றுப் பொதுக்கருவூலத்தை நிரப்புதல் ஒரு பொருள். மக்கள் நேரடியாகப் புழங்கும் வெளியாக வைத்திருத்தல் மற்றொரு பொருள். 2ஜி விவாதம் முதற்பொருளை வலுப்படுத்தியது. இரண்டாம் பொருளைத் தாங்கி நிற்பவற்றுள் அமெச்சூர் பட்டை ஒன்று. தேர்வில் தேறிய 12 வயதுச் சிறுமியும் தன் பெயரில் அழைப்புக்குறி பெற்று உலகோடு பேசலாம் என்னும் நிலை, அலைவெளியின் வேறு எப்பகுதியிலும் இல்லை.

10. ஒப்புமையின் எல்லைகள்

புறம்போக்கு ஒப்புமை மூன்று இடங்களில் பொருந்தாது போகிறது. முதலாவதாக, அலைவெளி தேய்வதில்லை. தூர்க்கப்பட்ட ஏரியை மீட்டல் கடினம். இடையூறு நின்ற கணமே அலைப்பட்டை முன்போல் ஆகும். 40 மீட்டர் பட்டை மீண்டமை இதனால் இயன்றது. இரண்டாவதாக, ஏரி ஓர் ஊருக்குரியது. சிற்றலையோ எல்லை அறியாதது. தாம்பரத்தில் கேட்கும் இடையூற்றின் ஊற்று வேறொரு நாட்டில் இருக்கலாம். ஆகவே ஊர்க் கட்டுப்பாட்டால் மட்டும் அதைக் காக்க இயலாது. மூன்றாவதாக, ஏரியை இழந்தவர் வாழ்வாதாரத்தை இழந்தனர். அமெச்சூர் இழப்பது வாழ்வாதாரம் அன்று. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டையும் சமன்படுத்துதல் நேர்மையாகாது.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

சென்னையில் வானொலி ஆர்வலர்களின் முயற்சியாகத் தொடங்கி, 14 ஆண்டுகளில் அரசின் தனியுரிமையாயிற்று. அமெச்சூர் உரிமம் அத்தொடக்கத்தின் எஞ்சிய பகுதி எனக் கொள்ளத்தக்கது.

அலைப்பட்டை இழப்பு ஒரே நாளில் நிகழ்வதில்லை. பகிர்வு என்னும் பெயரில் தொடங்கி வெளியேற்றத்தில் முடியும் ஒழுங்கை 40 மீட்டர் பட்டையின் 1938–1959 வரலாறு காட்டுகிறது. 2009ஆம் ஆண்டு மீட்பு, அவ்வொழுங்கு மாற்றத்தக்கதே என்பதையும் காட்டுகிறது.

தென்புறநகரில் இன்று அமெச்சூர் வானொலியைப் பெரிதும் நெருக்குவது உரிமம் பெற்ற போட்டியாளர் அல்லர். பெயரற்ற இரைச்சலும் இடமின்மையுமே. இவற்றுக்கு அலைக்கற்றைச் சட்டத்தைவிடக் கருவித் தரக்கட்டுப்பாடும் நகரமைப்பு விதிகளுமே தீர்வாகும்.

மாணவர் செயற்கைக்கோள் குழுவினர் அமெச்சூர் உரிமம் பெறுவதைத் திட்டத்தின் பகுதியாகவே ஆக்குதல், போட்டியைத் தொடர்ச்சியாக மாற்றும் வழியாகும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்வி நிறுவனங்கள் இதற்கு ஏற்ற களம்.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாகியது. ஏரிகளின் எல்லைகளை மீண்டும் அளக்கும் பணி நிலத்தில் பேசப்படும் இக்காலத்தில், கண்ணுக்குப் புலனாகாத பொதுவெளியொன்றும் அதே பகுதியின் மேல் உண்டு என்பதை வரலாற்றாய்வு பதிவு செய்தல் வேண்டும். அமைதியாக இருக்கும் பட்டை ஆளற்ற பட்டையன்று. அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.